உன் பாட்டுகளை இனி பாடப்போவதில்லை

டேய்,

போன வாரம் ரிகர்சலில் முடிவாகிவிட்டது. அடுத்த நிகழ்ச்சியிலிருந்து உன் பாட்டு எதுவும் லிஸ்ட்டில் இல்லை. வேறு யாராவது சொல்லி உனக்குத் தெரிவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். வாட்ஸப்பில் என்னை பிளாக் செய்து வைத்திருக்கிறாய், அதனால்தான் இங்கே. பேண்டில் மற்ற இருவருக்கும் தமிழ் தெரியாது, அது ஒரு வசதி. உன் தங்கை படிப்பாள் என்று தெரியும். அதனால் சிலதைத் தொடமாட்டேன்.

பெல்ஷில் கதையை உன்னிடமே சொன்னால் சிரிப்பாய். அந்த ஊர் பேண்ட் டீனேஜ் ஃபேன்கிளப் என்றாலே நீ 1991-ஐப் பிடித்துக்கொண்டு நிற்பவன். 'பேண்ட்வாகனெஸ்க்' ஆல்பம், நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்'டை ஒதுக்கிவிட்டு அதை ஆண்டின் சிறந்த ஆல்பமாக அறிவித்த 'ஸ்பின்' பத்திரிகை, அடுத்த வருடம் அதே நிர்வாணாவோடு ஐரோப்பிய மேடைகள். கிளாஸ்கோவுக்குப் பக்கத்தில் நிலக்கரியும் இரும்பும் மங்கிப்போன ஒரு ஊர்ப் பையன்களுக்கு அது பெரிய விஷயம்தான், சரி. ஆனால் பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் அந்த ஆல்பம் 22-வது இடத்தைத் தாண்டவில்லை. அடுத்து வந்த 'தேர்ட்டீன்' பத்திரிகைகளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது. அவர்கள் உண்மையில் மேலே வந்தது 1995-லும் 1997-லும்தான் என்று நான் இப்போதும் சொல்வேன். 'கிராண்ட் பிரீ' 7-வது இடம், 'சாங்ஸ் ஃப்ரம் நார்தர்ன் பிரிட்டன்' 3-வது இடம். அதில் 12 பாட்டு. எழுதியது நார்மன் பிளேக் 4, ரேமண்ட் மெகின்லி 4, ஜெரார்ட் லவ் 4. 2016 வரை அடுத்த நான்கு ஆல்பங்களிலும் அதே கணக்கு. எத்தனை பேண்டுகள் இந்தப் பங்கில் அடித்துக்கொண்டே உடைந்திருக்கின்றன!

நம் பேண்டிலும் எல்லோருக்கும் சம பங்கு என்று சொன்னவன் நீ. யாரைப் பார்த்துச் சொன்னாய் என்று எனக்குத் தெரியாதா?

2018, கிளாஸ்கோ பாரோலேண்ட். ஜெரார்ட் பேண்டை விட்டு விலகுவது ஆகஸ்டிலேயே தெரிந்துவிட்டதால் கூட்டத்தில் எல்லோருமே அதே நினைப்போடுதான் நின்றார்கள். அந்த நடன அரங்கின் மரத்தரை, கூட்டம் குதித்தால் காலுக்கடியில் ஏறி இறங்கும். 'ஸ்பார்க்கிஸ் ட்ரீம்' ஆரம்பித்ததும் தரை நிற்கவே இல்லை. நீ மட்டும் குதிக்கவில்லை. பக்கத்தில் ஒரு ஆள், ஐம்பது வயது இருக்கும், மனைவியின் தோளில் முகம் வைத்து அழுதபடியே குதித்துக்கொண்டிருந்தார், அவர் கையிலிருந்த பீர் உன் சட்டையெல்லாம். நீ துடைக்கவும் இல்லை. "போற ஆளு முகமாடா இது?" என்று கேட்டாய். வெளியே வந்ததும், கேலோகேட் தெருவில், அரங்கின் அந்த நியான் பலகைக்குக் கீழே நின்று, "பிடிக்காமப் போகல, முடியாமப் போறான்" என்றாய்.

"என்னைப் பற்றித்தான் அன்றே சொன்னேன்" என்று இப்போது ஆரம்பிக்காதே. அன்று நமக்கு பேண்டே கிடையாது.

ஜெரார்ட் மாட்டேன் என்றது ஹாங்காங், ஜப்பான், ஆஸ்திரேலியா என்று நீண்ட விமானப் பயணங்களுக்கு. நீ மாட்டேன் என்றது அபர்டீனில் நம் நிகழ்ச்சிக்கு. பஸ்ஸில் மூன்று மணி நேரம்!

அந்த மாதம் உன் வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. அதை இங்கே எழுதமாட்டேன். தெரிந்திருந்தால் அன்று அப்படிப் பேசியிருக்கமாட்டேன், அதற்கு மன்னித்துக்கொள். ஆனால் நீ ஒரு வார்த்தை சொன்னாயா? "வரல" என்று ஒரு மெசேஜ். டிரம்ஸை வேனில் ஏற்றிய பிறகு. நான் என்னவென்று நினைக்க?

ஜெரார்ட் போன பிறகு டேவ் மெகாவன் பாஸ் கிட்டாருக்கு மாறினார், கீபோர்டுக்கு யூரோஸ் சைல்ட்ஸ் வந்தார். 2021-ல் 'எண்ட்லெஸ் ஆர்கேட்', 2023-ல் இன்னொன்று. கேட்கவே மாட்டேன் என்றாய். நான் கேட்டேன், நன்றாகவே இருக்கிறது. என்ன, கோரஸ் வரும்போதெல்லாம் காது அந்த மூன்றாவது குரலைத் தேடுகிறது. ஜெரார்டின் பாட்டுகளை அவர்கள் இப்போது மேடையில் பாடுவதில்லை. அதுதான் மரியாதை என்று நீ சொல்லியிருக்கிறாய்.

ரிகர்சலில் நானும் அதே மரியாதைக் காரணத்தைத்தான் சொன்னேன், மற்ற இருவரும் தலையாட்டினார்கள். முழுக் காரணம் அது இல்லை. போன நிகழ்ச்சியில் முன்வரிசையில் நின்ற ஒரு பெண் உன் பாட்டைத்தான் கத்திக் கத்திக் கேட்டாள். பாடினேன். அன்று இரவு அதிகம் கைதட்டல் வாங்கியது அதுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீ வீட்டில் உட்கார்ந்திருக்க, உன் வரிகளை நான் தப்பில்லாமல் பாடிக்கொண்டு... போடா. அந்தப் பாட்டின் பிரிட்ஜ் பகுதியில் நீ எடுக்கிற மேல் ஸ்தாயி எனக்கு வராது. ஒவ்வொரு முறையும் கீழே இறக்கித்தான் பாடுகிறேன். யாருக்கும் தெரியவில்லை, உனக்குத் தெரியும்.

உன் ஆம்ப் இன்னும் என் அறையில்தான் இருக்கிறது. அதில் வேறு யாரும் வாசிக்கவில்லை. பெடல் ஒன்றை மட்டும் எடுத்துப் பயன்படுத்தினேன், திருப்பித் தருகிறேன்.

நிகழ்ச்சி எங்கே, எப்போது என்று உன் தங்கைக்குத் தெரியும். வருவதானால் வா. கெஸ்ட் லிஸ்ட்டில் உன் பெயரைப் போடவில்லை, டிக்கெட் வாங்கித்தான் வரவேண்டும்.