மின் கேபிளும் தண்ணீர்க் குழாயும் ஒரே பள்ளத்தில்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் எங்கள் தெருவில் தோண்டியிருந்த பள்ளத்தை எட்டிப் பார்த்தேன். மின் கேபிள், இணைய கேபிள், குடிநீர்க் குழாய் மூன்றும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கிடந்தன. பல வருடம் வயரிங் வேலை பார்த்தவன் என்பதால் பதறிவிட்டேன்.

மின் கேபிளுக்கும் தண்ணீர், எரிவாயுக் குழாய்களுக்கும் நடுவே 30 செ.மீ. இடைவெளி வேண்டும் என்கிறது ஐஎஸ் 1255 என்ற இந்தியத் தரநிலை. தொலைத்தொடர்பு கேபிளுக்கும் அதே அளவுதான். அமெரிக்காவின் தேசிய மின் விதித்தொகுப்பு, 300.8ஆம் பிரிவில், மின்கம்பி போகும் குழாய்க்குள் தண்ணீர், எரிவாயு, வடிகால் என வேறெதையும் நுழைக்கவே கூடாது என்கிறது.

குழாய் கசிந்தால் கேபிள் ஜாயின்ட்டுக்குள் ஈரம் இறங்கும். அப்புறம் அதைச் சரிசெய்ய வரும் தொழிலாளியின் கடப்பாரை கேபிளில் இறங்கும். அவர் உயிருக்கு யார் பொறுப்பு? எரிவாயு கசிந்தாலோ, மூடிய குழிக்குள் தேங்கி நிற்கும்; ஒரு சிறு பொறி போதும். தமிழக நகரங்களில் வீட்டுக்குக் குழாய் எரிவாயு வரத் தொடங்கிவிட்ட நேரம் இது.

பள்ளத்தை மூடும் முன் எல்லாத் துறைப் பொறியாளர்களும் ஒன்றாக வந்து, இடைவெளியை அளந்து, படம் எடுத்துப் பதிவுசெய்ய வேண்டும். அதுவரை மண் தள்ள அனுமதிக்கக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சென்னை