அரங்கு திறந்திருந்தது, நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

கூட்டம் நல்லபடியாக முடிந்துவிட்டது. அனுமதி வந்தது, போனது, மறுபடி வந்தது என்ற கதையெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை இங்கே கிளறப் போவதில்லை. நம் பல்கலைக்கழக வளாகத்துக்குள் போகும் சாலையை வெளியாட்களுக்கு மூடலாமா என்ற கேள்வியில், தினமும் அதில் நடக்கிறவர்களும் மூடியே ஆகவேண்டும் என்கிறவர்களும் ஒரே அரங்கில் உட்கார்ந்து மதியம்வரை பேசினார்கள். குரல் உயராமல் இல்லை. ஆனாலும் பாதியில் எழுந்துபோனவர்கள் மிகக் குறைவு.

முதல் நன்றி அரங்கைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனுக்கு. பெயர் போடக்கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். போடாவிட்டால் என்ன, பல்கலைக்கழகத்தில் அவரைத் தெரியாதவர் யார்?

கடைசி நேரத்தில் அனுமதி வந்ததும், "வழக்கம்போலப் போட்டுடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு அழைப்பு அனுப்ப ஓடிவிட்டோம். வழக்கம் என்றால் மேடை, மேடையில் ஐந்து நாற்காலி, எதிரே வரிசை வரிசையாகக் கூட்டம். காலையில் வந்து பார்த்தால் மேடை காலி. கீழே நாற்காலிகள் வட்டமாக, ஒன்றுக்குப் பின் ஒன்றாக மூன்று சுற்று. நடுவே ஒரே ஒரு மைக். யாரும் தடுக்கி விழாதபடி அதன் வயரைத் தரையோடு டேப் போட்டு ஒட்டியிருந்தார். வட்டத்தில் சேராமல் வாசலை ஒட்டி நாலைந்து நாற்காலிகள் தனியாகக் கிடந்தன.

ஏன் இப்படி என்று கேட்டோம். "மேடையில ஏறினவங்க கீழ இருக்கிறவங்க பேச்சைக் கேட்டு நான் பார்த்ததில்லை தம்பி" என்றார். சரி, வாசல் பக்கம் எதற்கு? "சண்டை போடணும்னு வர்றவங்க உள்ள வரமாட்டாங்க. வாசல்லயே நிப்பாங்க. உட்கார இடம் இருந்தா கொஞ்சம் கேட்பாங்க, இல்லேன்னா கத்திட்டுப் போயிடுவாங்க."

அப்படியே நடந்தது. இந்தக் கூட்டமே வேண்டாம் என்று மனு கொடுத்த பெரியவர் வாசல் நாற்காலியில்தான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சக்கர நாற்காலியில் வந்த ஒரு மாணவி, அந்தச் சாலை மூடப்பட்டால் தான் எந்த வழியாகச் சுற்றி வரவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, 'கிரீச்' என்று ஒரு சத்தம். பெரியவர் தன் நாற்காலியைத் தானே இழுத்துக்கொண்டு மூன்றாவது சுற்றுக்கு வந்து சேர்ந்தார். அவர் கருத்து மாறவில்லை, கடைசிவரை மூடத்தான் சொன்னார். ஆனால் அந்தப் பெண்ணிடம் இரண்டு கேள்வி கேட்டார், பதிலை முழுக்கக் கேட்டார்.

கனடாவில் சைமன் ஃபிரேசர் என்ற பொதுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. வான்கூவர் நகரில் உரையாடலுக்கென்றே ஒரு மையம் வைத்திருக்கிறார்கள். அதன் பிரதான அரங்கில் இருக்கைகள் வட்ட வட்டமாகத்தான் இருக்கும். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் தேர்தல் முறையை மாற்றலாமா என்று 2004-இல் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த 160 சாதாரண மக்கள் கூடிப் பேசியது அந்த மையத்தில்தான். அவர்களுடைய பரிந்துரை 2005 பொது வாக்கெடுப்பில் 57.7 சதவீதம் பெற்றும், தேவையான 60-ஐத் தொடாததால் நிறைவேறவில்லை. அதற்காக அந்தப் பேச்சு வீண் என்று நான் சொல்லமாட்டேன். கட்டடக் கலைஞர்களை வைத்து அங்கே கட்டியதை நம் அண்ணன் ஒரே ராத்திரியில் பிளாஸ்டிக் நாற்காலியை வைத்துச் செய்துவிட்டார் என்பதுதான் எனக்கு இப்போதும் ஆச்சரியம்.

அப்புறம் மற்றவர்கள். சிறு குழுக்களை நடத்திய அரசியல் அறிவியல் துறை மாணவர்கள், சைகை மொழியில் பெயர்த்தவர், அறிவிப்பை வீடு வீடாகக் கொண்டுபோனவர்கள், கடைசியில் கையெழுத்துப் போட்ட அதிகாரி (ஆமாம், அவருக்கும்தான்), எல்லோருக்கும் நன்றி. இரண்டு தரப்பு வாதத்தையும் ஒரே அளவில் எழுதி, அச்சுக்குப் போகும் முன் இரு தரப்பிடமும் காட்டித் திருத்தி வாங்கிய குழுவுக்குத் தனியாக ஒரு கும்பிடு. அமெரிக்காவில், ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தபோது ஜேம்ஸ் ஃபிஷ்கின் 1990-களில் நடத்திய கலந்தாய்வுகளைப் படித்துத்தான் இந்த வழியைப் பிடித்தார்கள். அங்கே மின் நிறுவனங்களின் வாடிக்கையாளர்களை வரவழைத்து, சமநிலையான குறிப்புகளைக் கொடுத்து, நிபுணர்களைக் கேள்வி கேட்க விட்டார்கள். காற்றாலை போன்ற புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கவும் சம்மதம் என்று பலர் வீடு திரும்பினார்கள்.

பொதுப் பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகத்தின் அரங்கில் ஊர்க்காரர்கள் வந்து பேசுவதை நாம் செய்யும் உபகாரம்போல இனி யாரும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நம் அழைப்பிதழிலேயே அந்தத் தொனி கொஞ்சம் இருந்தது.

அடுத்த கூட்டம் நூலகத்தை வெளியாருக்குத் திறப்பது பற்றி. பெரியவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஏற்பாட்டுக் குழுவில் அண்ணனையும் சேர்ப்பதாக முடிவு செய்திருக்கிறோம். அவர்தான் இன்னும் பிடிகொடுக்கவில்லை. நான் குழுவில் உட்கார்ந்தால் நாற்காலி யார் போடுவது என்கிறார். நாங்கள் போடுகிறோம் அண்ணே, எப்படிப் போடுவது என்று மட்டும் வந்து சொல்லுங்கள்.

நன்றியுடன்,
கூட்ட ஏற்பாட்டுக் குழுவிலிருந்து ஒரு மாணவன்