அணுகல்தன்மை கடைசி வேலை அல்ல

ஆசிரியருக்கு,

இணைய அணுகல்தன்மை குறித்த, அதாவது மாற்றுத்திறனாளிகளும் இணையதளங்களைத் தடையின்றிப் பயன்படுத்த முடிவது குறித்த, தங்கள் தலையங்கம் படித்தேன். விதிகள் இல்லாததல்ல பிரச்சினை. வலைக்கான தரநிலைகளை வகுக்கும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு (W3C) தன் முதல் அணுகல்தன்மை வழிகாட்டுதலை 1999-லேயே வெளியிட்டுவிட்டது, அதன் 2.2 பதிப்பு 2023-இல் வந்தது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்பதுவரை அதில் தெளிவாக இருக்கிறது. தளத்தை முழுதாகக் கட்டி முடிப்போம், அணுகல்தன்மையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதுதான் கோளாறு.

பார்வையற்ற நண்பர் ஒருவர், திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துக் காட்டும் மென்பொருளான திரைவாசிப்பான் உதவியுடன் இணைய விண்ணப்பம் ஒன்றை நிரப்பியபோது உடனிருந்தேன். பிழையான கட்டத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு மட்டும் தோன்றியது. திரைவாசிப்பான் எதுவும் சொல்லவில்லை. என்ன தவறு என்றே தெரியாமல் அவர் ‘சமர்ப்பி’ பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தார். பிழை இன்னதென்று எழுத்தில் ஒரு வரி காட்டியிருந்தால் அவருக்கு மட்டுமல்ல, நிறக்குறைபாடு உள்ளவர்களுக்கும், ஏன், எல்லோருக்குமே உதவியிருக்கும். எந்தத் தளமானாலும் மவுஸைத் தொடாமல் விசைப்பலகையால் மட்டுமே படிவத்தை முடிக்க முடிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கு உரிய ஊதியம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லி, அவர்கள் சரி என்ற பிறகே தளத்தைத் திறக்க வேண்டும்.