எத்தனை குதிரை என்று கேட்டாயே

ஃபிளின்ட் பக்கம், மிச்சிகன்
அக்டோபர் கடைசி வாரம்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதமும் பட்டறைப் படமும் கிடைத்தன. பையன் ஒருவழியாக சிஎன்சி மெஷினை இறக்கிவிட்டான், நீயோ பழைய லேத்தை யாரும் தொடக்கூடாது என்று அதன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாய் என்று தங்கச்சி தனியாகச் செய்தி அனுப்பியிருந்தாள். அதில் நான் உன் கட்சிதான். இங்கே எல்லோரும் நலம். வீட்டில் அவளுக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்து இப்போது மாடிப்படி ஏறுகிறாள். மகள் சிகாகோவிலேயே வேலை மாற்றிக்கொண்டாள். நான் ரிட்டயர் ஆன பிறகு என்ன செய்கிறேன் என்பதுதான் உன் கவலை, அதற்கு வருகிறேன்.

பக்கத்து வீட்டுப் பெரியவரின் பழைய பியூக் காரோடு ரேஸுக்குப் போய் வருகிறேன் என்று சொன்னதும் நீ கேட்ட ஒரே கேள்வி, "எத்தனை குதிரைசக்தி?" காகிதத்தில் 360. ஆனால் அந்தக் காகிதத்தை இங்கே யாரும் நம்புவதில்லை. கார் 1970ஆம் வருட பியூக் ஜிஎஸ் 455, அதிலும் ஸ்டேஜ் 1, அதாவது கம்பெனியே சக்தி கூட்டித் தந்த வகை. 455 என்பது கன அங்குலம், அதாவது ஏறக்குறைய ஏழரை லிட்டர். நம் ஊர் மாருதி 800 இன்ஜின் ஒன்பதை ஒன்றாகச் சேர்த்தாலும் கொஞ்சம் குறையும். முறுக்குவிசை 510 பவுண்டு-அடி, உன் கணக்கில் 690 நியூட்டன் மீட்டர். அதுவும் 2800 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடும். இளைஞர்கள் வாங்கும் வேகக் கார்களுக்கு இன்சூரன்ஸ்காரர்கள் பிரீமியத்தை ஏற்றிக்கொண்டிருந்த காலம் அது. அதனால் கம்பெனி வேண்டுமென்றே எண்ணைக் குறைத்துப் போட்டது என்பது இங்குள்ளவர்களின் நம்பிக்கை. இன்னொரு கூத்தும் உண்டு. அப்போதெல்லாம் இன்ஜினைத் தனியாக ஸ்டாண்டில் ஏற்றி, ஏர் ஃபில்டர், சைலன்சர் எதுவும் இல்லாமல் அளப்பார்கள். 1972 முதல் எல்லாவற்றையும் மாட்டி அளக்கும் முறை வந்ததும் ஒரே இன்ஜினின் எண் சடாரென்று இறங்கிவிட்டது. ஆக, குதிரைக் கணக்கை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. எங்கள் ரேஸில் அதைக் கேட்பவரும் இல்லை. டயரைத்தான் கேட்பார்கள்.

இப்படி நடுத்தரக் காரில் பெரிய இன்ஜினை வைத்த 'மஸில் கார்' காலமே மொத்தம் பத்து வருடம்தான் மாப்ளே. 1964இல் ஜெனரல் மோட்டார்ஸின் (ஜிஎம்) பான்டியாக் பிரிவு நடுத்தரக் காரான டெம்பெஸ்டில் 389 கன அங்குல இன்ஜினைத் திணித்து ஜிடிஓ என்று விற்றது. அந்த அளவுக் காருக்கு 330க்கு மேல் போகக்கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் மேலிடத்தின் உத்தரவே இருந்தது. தனி மாடலாக இல்லாமல் 'ஆப்ஷன்' என்று பட்டியலில் சேர்த்து உள்ளே நுழைத்துவிட்டார்கள் பான்டியாக்கின் தலைமை இன்ஜினியர் டிலோரியனின் ஆட்கள். அப்புறம் எல்லாக் கம்பெனியும் போட்டி போட்டது. 1971இல் ஈயம் குறைந்த பெட்ரோலுக்காக ஜிஎம் தன் இன்ஜின்களின் கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டரில் கலவையை அழுத்தும் அளவைக் குறைத்தது, 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது, கதை முடிந்தது.

பெரியவர் இதே ஃபிளின்ட்டில் பியூக் ஆலையில் வேலை பார்த்தவர். அந்த ஆலையை 1999இல் மூடி, பிறகு இடித்தும் விட்டார்கள். வாலிபத்தில் டெட்ராய்ட்டின் வுட்வர்ட் அவென்யூவில் சிக்னலுக்குச் சிக்னல் பந்தயம் விட்ட கூட்டத்தில் அவரும் ஒருவர். இரவானால் கார் கம்பெனி இன்ஜினியர்களே புதுக் கார்களை அங்கே கொண்டுவந்து நிற்பார்களாம். போலீஸ் வந்த கதை, தப்பித்த கதை எல்லாம் அவர் சொல்லி நான் கேட்டாயிற்று. ஒவ்வொரு முறையும் கதையில் கார் கொஞ்சம் வேகம் கூடும்.

இப்போது போவது முறையான பந்தய மைதானத்துக்கு. இந்த மாநிலத்தில் ஸ்டான்டன் என்று ஒரு சிற்றூர். அங்கே செப்டம்பரில் ப்யூர் ஸ்டாக் என்ற டிராக் ரேஸ் நடக்கிறது. இரண்டு இரண்டு காராக, நேர்க்கோட்டில் கால் மைல், அதாவது 402 மீட்டர் ஓட்டம். கார் கம்பெனியிலிருந்து வந்தது போலவே இருக்கவேண்டும் என்பதுதான் விதி. வார்ப்பிரும்பு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை எடுத்துவிட்டு, புகை சுலபமாக வெளியேறும் 'ஹெடர்' குழாய்களை மாட்டக்கூடாது. அந்த மாடலுக்குரிய கார்புரேட்டர்தான். சைலன்சர் இருக்கவேண்டும். டயரும் அந்தக் காலத்து அளவுதான், பள்ளமே இல்லாத ரேஸ் 'ஸ்லிக்' டயர் கிடையாது. முதல் நாள் ஓட்டிப் பார்த்து எடுத்த நேரத்தை வைத்து, யார் நேரம் யாருக்கு நெருக்கமோ அவர்களை ஜோடி சேர்க்கிறார்கள். மூன்றில் இரண்டு ஜெயித்தால் வெற்றி. 12 நொடிக் காருக்கு 12 நொடிக் கார், 15க்கு 15. கடைசி ஜோடிக்கும் முதல் ஜோடிக்குக் கிடைக்கும் அதே கைதட்டல். பரிசுப் பணத்துக்காக வருபவர் எவரும் இல்லை.

இந்த டயர் விதியில்தான் முழு ஆட்டமும் இருக்கிறது. பெரியவர் போட்டிருப்பது உள்ளிழைகள் சாய்வாகப் பின்னிய அந்தக் காலத்து பயஸ் பிளை டயரைப் பார்த்து இன்று செய்யும் நகல். 690 நியூட்டன் மீட்டரைத் தரையில் இறக்க அதற்குச் சக்தி இல்லை. பச்சை விளக்கு விழுந்ததும் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் பின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும், பக்கத்து லேன்காரர் போய்ச் சேர்ந்துவிடுவார். நீ சினிமாவில் பார்த்த பர்ன்அவுட் எல்லாம் இங்கே இல்லை. ஸ்லிக் டயர்காரர்கள் தண்ணீர் தேங்கிய இடத்தில் நிறுத்திச் சக்கரத்தைச் சுழற்றிப் புகை கிளப்புவார்கள். நாங்கள் அந்தத் தண்ணீரைச் சுற்றிக்கொண்டு போகிறோம். சாலை டயரின் பள்ளங்களில் ஈரம் தங்கி, புறப்படும் கோட்டில் வந்து சொட்டும், அதற்காக. காய்ந்த தரையில் ஒரு சின்னச் சுழற்று, கல்லும் தூசியும் உதிர்வதற்கு, அவ்வளவுதான்.

அப்புறம் கோட்டுக்கு வந்தால் இரண்டு ஒளிக்கதிர்கள் உண்டு. முன் சக்கரம் முதலாவதை மறைத்தால் ஒரு விளக்கு, இரண்டாவதையும் மறைத்தால் இன்னொன்று. அங்கேதான் நிற்கவேண்டும். எதிரே நடுவில் ஒரு விளக்குக் கம்பம், 'கிறிஸ்துமஸ் ட்ரீ' என்பார்கள், 1963 முதல் இருக்கிறது. எங்களைப் போன்ற அமெச்சூர்களுக்கு மூன்று மஞ்சள் விளக்குகள் அரை அரை நொடி இடைவெளியில் இறங்கிவரும், பிறகு பச்சை. பச்சையைப் பார்த்துக் கிளம்பினால் தோற்றாய். மூன்றாவது மஞ்சள் எரியும்போதே கால் அசையவேண்டும். கொஞ்சம் முந்தினால் சிவப்பு. பெரியவருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. வீட்டில் சாவியை எங்கே வைத்தார் என்று நாள் முழுக்கத் தேடுகிற மனிதர், அந்த மஞ்சளை மட்டும் விடுவதில்லை.

கிளம்பும்போது அவர் செய்வதை ஜன்னலோரம் குனிந்து பார்த்திருக்கிறேன். பிரேக்கில் இடது கால். இன்ஜின் ஐட்லிங்கை விடச் சற்றே மேலே. பிரேக்கை விட்டதும் காரை உருட்டிவிடுகிறார், அவ்வளவுதான். இரண்டு மூன்று கார் நீளம் போன பிறகுதான் வலது கால் முழுசாக இறங்கும். பார்ப்பவருக்கு மெதுவாகக் கிளம்புவது போலத் தோன்றும். ஆனால் முதல் 60 அடியில் பத்தில் ஒரு பங்கு நொடி மிச்சம் பிடித்தால், 402 மீட்டர் முடிவில் அது ஒன்றரை, இரண்டு மடங்காகத் திரும்பி வருகிறது. இன்ஜினில் காசைக் கொட்டி அந்த அளவு நேரத்தைக் குறைக்க எவ்வளவு செலவாகும் என்று உனக்குத் தெரியும்.

என் வேலை கார்புரேட்டர். ரோசெஸ்டர் குவாட்ராஜெட், நான்கு வாய். முன்னால் இரண்டு சின்னது, பின்னால் இரண்டு பெரியது. பெரியவற்றின் மேல் ஒரு தகடு மூடியிருக்கும். இன்ஜின் காற்றை உறிஞ்சும்போது அது தானாகத் திறக்கும், சின்ன ஸ்பிரிங் ஒன்று அதைப் பிடித்து வைத்திருக்கும். ஸ்பிரிங் தளர்வாக இருந்தால் தகடு சட்டென்று திறந்து, பெட்ரோல் வந்து சேர்வதற்குள் வெறும் காற்று உள்ளே போய், கார் ஒரு கணம் மூச்சுத் திணறி நிற்கும். இறுக்கமாக இருந்தால் திறக்கவே சோம்பும். நடுவில் எங்கேயோ சரியான இடம் இருக்கிறது. பக்கவாட்டு ஸ்க்ரூவை ஸ்க்ரூடிரைவரால் பிடித்துக்கொண்டு, அடியிலுள்ள சின்ன ஆலன் ஸ்க்ரூவைத் தளர்த்தி, எட்டில் ஒரு சுற்று திருப்பி, மறுபடி பூட்டவேண்டும். இடையில் ஸ்க்ரூடிரைவர் நழுவினால் ஸ்பிரிங் மொத்தமும் அவிழ்ந்துவிடும், முதலிலிருந்து எண்ணவேண்டும். சூடான இன்ஜினில், சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு, அடுத்த ஓட்டத்துக்குக் கூப்பிடுகிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு இதைச் செய்வதில் ஒரு சுகம் இருக்கிறது மாப்ளே. முப்பது வருட ஆபீஸில் எனக்கு அது கிடைக்கவில்லை.

இன்ஜினைப் பிரித்த கதையும் உண்டு. அன்றைக்கு நீ பக்கத்தில் இல்லையே என்று தோன்றியது. பியூக் பெரிய இன்ஜினின் பலவீனம் ஆயில். முன்புற அலுமினிய டைமிங் கவருக்குள்ளேயே ஆயில் பம்ப் பற்கள் சுழலும். நாளாவட்டத்தில் அலுமினியம் தேய்ந்து பிரஷர் விழும். இங்கே ஒரு பட்டறையில் இன்ஜினின் சுழல்தண்டான கிராங்கைத் தீட்டக் கொடுத்தோம். வந்த கிராங்கின் பேரிங் இடைவெளி ஒரு இடத்தில் ஒன்று, இன்னொரு இடத்தில் வேறொன்று. பெரியவர் கத்தவில்லை, மைக்ரோமீட்டரை மேஜை மேல் வைத்துவிட்டு வெளியே போய் நின்றார். மறுபடி வேறு இடத்தில் செய்து, கவரையும் மாற்றி, இப்போது சூட்டிலும் பிரஷர் நிற்கிறது. 1970இல் மோட்டார் டிரெண்ட் பத்திரிகை இந்த மாடலை ஓட்டிப் பார்த்து 13.38 நொடி என்று போட்டது. 13க்குக் கீழே நேரம் போட்ட ஒரு சீட்டு வாங்கிவிடவேண்டும் என்பது பெரியவரின் ஆசை. இலையுதிர் காலக் குளிர்ந்த காற்று அடர்த்தியானது, இன்ஜினுக்கு நல்லது. ஆனால் அதே குளிரில் டயர் கல்லாகிவிடும்.

கோபம் ஒன்றும் இருக்கிறது. 1969 ஷெவர்லே கமாரோ இசட்எல்1 கார் மொத்தமே 69தான் செய்தார்கள். அப்படிப்பட்ட அபூர்வக் கார்கள் பல ஓடுவதே இல்லை. டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோய், கண்காட்சியில் இறக்கி, துடைத்து, மறுபடி ஏற்றுகிறார்கள். இன்ஜின் பிளாக் நம்பர் பொருந்தினால் ஒரு விலை, பொருந்தாவிட்டால் பாதி விலை. பணம் போட்டவனின் பயம் புரிகிறது. இருந்தாலும் ஓடாத டிராக் ரேஸ் காரைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

பணமில்லாதவர்களுக்கும் வாரக்கடைசியில் பந்தயம் இருக்கிறது, அதைத்தான் நீ ரசிப்பாய். பிராக்கெட் ரேஸ் என்பார்கள். உன் கார் எத்தனை நொடியில் முடிக்கும் என்று நீயே கண்ணாடியில் எழுதிவிடவேண்டும். நீ 15.20, எதிராளி 13.50 என்றால் உனக்கு 1.70 நொடி முன்னதாகப் பச்சை விழும். அப்படியானால் கூட்டி எழுதி ஏமாற்றலாமே என்பாய். எழுதியதைவிட வேகமாகப் போனாலும் தோல்விதான். அதனால் குழந்தை சீட் கழற்றி வைத்த குடும்பக் கார்கூட லட்ச லட்சமாகக் கொட்டிய காரைத் தோற்கடிக்கும். பெரியவரின் பேத்தி பதினொரு வயதில் பாதி அளவு குட்டி ரேஸ் கார், டிராக்ஸ்டர் என்பார்கள், ஓட்டுகிறாள். ஐந்து வயதிலிருந்தே சேர்த்துக்கொள்கிறார்கள், தூரம் பாதி. சொன்ன நேரத்துக்கு நெருக்கமாக ஓட்டுவதில் தாத்தாவைவிட அவளே கெட்டி. என்னை "ஸ்ப்ரிங் அங்கிள்" என்கிறாள்.

ஸ்டான்டனில் நிற்கும்போது சோழவரம் ஞாபகம் வராமல் போகாது. கோயம்புத்தூரிலிருந்து ராத்திரி ரயிலில் போய், வெயிலில் நாள் முழுக்க நின்று, பெட்ரோல் வாசனையோடு திரும்பினோமே. யுத்தகால விமான ஓடுதளம் சும்மா கிடந்ததால் மெட்ராஸ்காரர்களுக்கு ரேஸ் கிடைத்தது. இங்கேயும் அதே கதைதான். கலிஃபோர்னியாவில் சான்டா அனா விமான நிலைய ஓடுதளத்தில் 1950இல் காசு வாங்கி டிராக் ரேஸ் நடத்தத் தொடங்கினார்கள். அடுத்த வருடம் வாலி பார்க்ஸ் என்எச்ஆர்ஏ என்ற சங்கத்தை ஆரம்பித்தார். தெருவில் சாகாமல் இங்கே வந்து ஓட்டுங்கள் என்பதுதான் அவர் பேச்சு. 1955இல் அவர்களின் முதல் தேசியப் பந்தயம் கான்சாஸில், அதுவும் ஒரு பழைய ராணுவ விமானத் தளத்தில்.

சீசன் முடிந்தது. அடுத்த வாரம் டேங்கை நிரப்பி, பாட்டரியைக் கழற்றி, காரைப் போர்த்திவிடுவோம். ஜனவரியில் நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம், பொங்கலுக்கு உன் வீடுதான். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் மைதானத்தில் பைக் டிராக் ரேஸ் ஏதாவது அந்தச் சமயம் இருக்கிறதா என்று பையனை விசாரிக்கச் சொல். அதற்குள் மூலையில் நிற்கும் உன் ஆர்டி 350 பைக்கின் ரீட் வால்வுகளைப் பிரித்துப் பார். 402 மீட்டருக்கு அது எத்தனை நொடி எடுக்கும் என்று ஒரு காகிதத்தில் எழுதி, மடித்து தங்கச்சியிடம் கொடுத்து வை. நான் வந்து ஸ்டாப்வாட்ச் பிடிக்கிறேன். கூட்டி எழுதாதே.

உனக்கு அரை தௌ (அங்குலத்தில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் செட் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். வேறு என்ன வேண்டும் என்று டிசம்பர் முதல் வாரத்துக்குள் சொல், பெட்டியில் எடை பார்க்கவேண்டும்.

அன்புடன்,
உன் மச்சான்