மக்காச்சோள எண்ணெய் எடுக்க நினைக்கும் பெரம்பலூர் உழவர் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

பெரம்பலூர் மாவட்ட உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களின் இயக்குநர்களுக்கு,

வணக்கம். மக்காச்சோள ஸ்டார்ச் ஆலையில் ஜெர்ம், அதாவது மணியின் கருவைப் பிரிக்கும் பகுதியில் வேலை பார்ப்பவன் நான். கோழித் தீவனத்துக்கு மூட்டை மூட்டையாகக் கொடுப்பதைவிட எண்ணெய் ஆட்டி விற்றால் லாபம் என்று உங்களில் சிலர் எண்ணெய் பிழியும் எக்ஸ்பெல்லர் மெஷினுக்கு விலை விசாரிப்பதாகக் கேள்விப்பட்டேன். கொஞ்சம் பொறுங்கள்.

நூறு கிலோ மூட்டையில் இருக்கும் எண்ணெய் மொத்தமே 4 கிலோ சொச்சம்தான். அதிலும் ஐந்தில் நாலு பங்கு கருவுக்குள் இருக்கிறது. எக்ஸ்பெல்லரில் நன்றாகப் பிழிந்த புண்ணாக்கிலேயே 6, 7 சதவீத எண்ணெய் தங்கிவிடும். அப்படியிருக்க, 4 சதவீதச் சரக்கை முழு மணியாகப் போட்டால் என்ன வடியும்? நிலக்கடலைக் கணக்கு இங்கே செல்லாது.

அதனால்தான் முதலில் கருவைப் பிரிக்கிறோம். கந்தக டை ஆக்சைடு கொஞ்சம் கலந்த 50 டிகிரி வெந்நீரில் சோளம் ஒன்றரை நாள் வரை ஊறும். ஊறிய மணியை விரலிடுக்கில் வைத்து நசுக்கினால் கரு உடையாமல் வழுக்கிக்கொண்டு வெளியே வர வேண்டும். அந்தப் பதம் வந்தால்தான் அரைவைக்கு விடுவோம், அதுவும் ஒன்றிரண்டாக. எண்ணெய் இருப்பதால் கரு லேசு; சுழல்குழாயில் தண்ணீரோடு சுற்றும்போது மேலே ஒதுங்கிவிடும். கழுவிக் காயவைத்த கருவில் கிட்டத்தட்டப் பாதி எண்ணெய். எக்ஸ்பெல்லரில் பிழிந்து, மிச்சத்தை ஹெக்சேன் என்ற கரைப்பான் விட்டு எடுக்கிறார்கள். வருவது கருஞ்சிவப்பு எண்ணெய். பிசின் நீக்கி, காஸ்டிக் சோடாவால் அமிலம் போக்கி, களிமண்ணில் நிறம் வாங்கி, குளிரவைத்து மெழுகு எடுத்து, வெற்றிடத்தில் நீராவி விட்டு வாடை போக்கிய பிறகுதான் பாட்டிலுக்குப் போகும். இத்தனைக்கும் மூட்டைக்கு 3 கிலோ எண்ணெய். ஆலை ஓடுவது ஸ்டார்ச்சால், எண்ணெய் மேல்வரும்படி.

உங்கள் அளவுக்கு உலர் அரைவை பொருந்தும் என்பது என் அபிப்பிராயம். சோளத்தை லேசாக ஈரப்படுத்தி, கருநீக்கும் மெஷினில் விட்டு, ரவையும் மாவும் விற்கலாம். இதில் கிடைக்கும் கருவில் மாவு ஒட்டியிருக்கும், எண்ணெய் 20, 25 சதவீதம்தான். அதைக் கரைப்பான் விட்டு எண்ணெய் எடுக்கும் சால்வென்ட் ஆலைக்கே தள்ளிவிடுங்கள். ஆனால் தேக்கிவைக்கக் கூடாது. அரிசித் தவிடு மாதிரி சீக்கிரம் காறிவிடும்.

இன்னொன்று, எனக்கு இதுதான் பெரிய கவலை. ரோட்டில் காயப்போட்டு, மழை வந்ததும் வாரிக் குவித்த சோளம் உள்ளுக்குள் சூடேறிப் பூஞ்சை பிடிக்கும். அந்தப் பூஞ்சை விடும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு எண்ணெய்ச் சுத்திகரிப்பில் பெரும்பாலும் போய்விடும், புண்ணாக்கில் அப்படியே தங்கும். அதைத் தின்ற மாட்டின் பாலில் அது இறங்கும். பாலில் சட்டம் விடும் அளவோ கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம்தான். கையில் பணம் இருந்தால் முதலில் சோளம் உலர்த்தும் மெஷின் வாங்குங்கள். அதிலும் சூட்டைக் கூட்டிவிடாதீர்கள். தீய்ந்த மணி ஊறலில் சரியாக ஊறாது, எங்களைப் போன்ற ஆலைகள் வாங்கத் தயங்கும்.

மெஷின்காரர் வந்தால், உங்கள் சோளத்திலேயே இரண்டு மூட்டை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். எண்ணெயை நீங்களே எடை போடுங்கள். புண்ணாக்கை ஆய்வகத்தில் கொடுத்து, மிச்ச எண்ணெய் எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிய பிறகு விலை பேசுங்கள்.

இப்படிக்கு,
ஸ்டார்ச் ஆலைத் தொழிலாளி ஒருவர்