மரணசாதனத்தில் ஒரு பங்கு: மலையகத்துப் பட்டதாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

தோட்டப் பாடசாலையில் எழுத்தறிந்து, உயர்தரம் சித்தியடைந்து, பேராதனைக்கோ கொழும்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ பட்டம் படிக்கப் போய், ஆசிரியராகவும் அதிபராகவும் மருத்துவராகவும் பொறியியலாளராகவும் வங்கி உத்தியோகத்தராகவும் உழைத்து, இப்போது ஓய்வுபெற்றிருக்கும் அல்லது ஓய்வை நெருங்கியிருக்கும் உங்களுக்கு இம்மடலை எழுதுகிறேன். நீங்கள் எழுதப்போகும் மரணசாதனத்தில், அதாவது உயிலில், உங்களைப் படிப்பித்த பல்கலைக்கழகத்துக்கு ஒரு சிறு பங்கை ஒதுக்குங்கள். தோட்டத்திலிருந்து அங்கே வந்து சேரும் பிள்ளையின் செலவுக்கு அது பயன்படட்டும். அப்படி ஒதுக்குவதை நீதிமன்றத்தில் நிற்கக்கூடிய விதமாக எழுதுங்கள். இந்த இரண்டாவது வேண்டுகோளுக்காகவே மடல் நீள்கிறது. உறுதிகளும் மரணசாதனங்களும் எழுதி அத்தாட்சிப்படுத்தும் பிரசித்த நொத்தாரிசாகத் தொழில் செய்தவன் என்ற முறையில், தெளிவில்லாத ஒரு வரி நல்ல மனத்தோடு கொடுத்ததைப் பல வருட வழக்காக்கிவிடும் என்பதை நான் அறிவேன்.

மரணசாதனம் எழுதும் வழக்கம் நம்மவரிடையே வேரூன்றவில்லை. எழுதினால் ஆயுள் குறையும் என்ற பயம் எல்லா ஊரிலும் உண்டு. நமக்கு அதைவிட எளிய காரணமும் இருந்தது. எழுதி வைக்க ஒன்றும் இருக்கவில்லை. லயன் அறை தோட்டத்துக்குரியது, அதன் முன்னால் போட்ட காய்கறிப் பாத்தியும் தோட்டத்து மண்ணே. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நாட்டையும் இல்லாமற் செய்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கென்றும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கென்றும் கணக்குப் பிரித்தது. நாடற்றவர்களாக எஞ்சியிருந்தோருக்கான சட்டம் 2003இல்தான் வந்தது. ஆகவே ஹட்டனிலோ பதுளையிலோ கண்டியிலோ சொந்த உறுதியுடன் ஒரு வீடும் வங்கியில் ஒரு நிலையான வைப்பும் வைத்திருக்கும் நீங்கள், பெரும்பாலும் உங்கள் பரம்பரையில் சொத்தை யாருக்கு விடுவது என்று யோசிக்க நேர்ந்த முதல் ஆள். அந்தச் சொத்து உங்கள் உழைப்பால் வந்தது, சந்தேகமில்லை. ஆயினும் அந்த உழைப்புக்கு வழி திறந்தது ஒரு பட்டம் என்பதையும், அந்தப் பட்டத்துக்குப் பல்கலைக்கழகம் உங்களிடம் கட்டணம் கேட்கவில்லை என்பதையும் நீங்களே அறிவீர்கள்.

பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்விதான். நம் நாட்டின் பொதுச் சட்டத்தின்படி மரணசாதனம் எழுதுபவர் தம் சொத்தைத் தாம் விரும்பியவருக்கு விடலாம். எழுதாமல் இறந்தால் பாதி வாழ்க்கைத்துணைக்கும் மறுபாதி பிள்ளைகளுக்கும் போகும். (முஸ்லிம் அன்பர்களுக்கு இஸ்லாமிய வாரிசு விதிகள் வேறாக உள்ளன.) பிள்ளைகளை விலக்கிவிட்டு எழுதுங்கள் என்று நான் சொல்லவில்லை. வாழ்க்கைத்துணையின் இருப்பிடத்தையும் பிள்ளைகளின் பங்கையும் முதலில் எழுதி, எஞ்சியதில் பத்தில் ஒன்றை, அதுவும் கூடுதலானால் இருபதில் ஒன்றைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினால் போதும். கனடாவிலும் இலண்டனிலும் குடியேறி, ஹட்டன் வீட்டை விற்றுத் தரும்படி தரகரிடம் சொல்லிவைத்திருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு இந்தக் கணக்கு இன்னும் எளிது.

அரசாங்கத்தின் பொறுப்பை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்பது இன்னொரு கேள்வி. கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் தொடங்கியது. தோட்டப் பாடசாலைகளோ தோட்டங்கள் அரசுடைமையான 1970களில்தான் அரசின் கைக்கு வரத் தொடங்கின. அந்தப் பிந்துகையின் விலையைத் தமிழ் மொழிமூல விஞ்ஞான, கணித ஆசிரியர் பற்றாக்குறையாக இன்றும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். அதைத் தாண்டிப் பல்கலைக்கழகம் புகும் பிள்ளைக்குக் கட்டணம் இல்லை என்பது உண்மையே. ஆனால் அறை வாடகையும் சாப்பாடும் மடிகணினியும் பஸ் காசும் இலவசமில்லை. பல்கலைக்கழக மாணவருக்கான மகாபொல உதவிப்பணம் பல ஆண்டுகளாக மாதம் 5,000 ரூபாவில் நின்றது. தோட்டத்து நாட்சம்பளம் 2021இல்தான் 1,000 ரூபாவைத் தொட்டது. இவ்விரண்டையும் வைத்து முதலாம் வருடத்து மாணவி ஒருத்தியின் மாதச் செலவைக் கணக்கிட்டுப் பாருங்கள். அரசாங்கத்திடம் கேட்பதை நாம் நிறுத்த வேண்டியதில்லை. கேட்டுக்கொண்டிருக்கும் காலத்தில் அவளுடைய நான்கு வருடங்கள் முடிந்துவிடும்.

இனி எழுதும் விதம். எல்லாச் சொத்தையும் மரணசாதனத்தால் விட முடியாது. ஓய்வூதியம் உங்களோடு முடிகிறது, அதன்பின் விதவைகள், அநாதைகள் ஓய்வூதியத்துக்கு அதற்குரிய விதிகள் உண்டு. ஊழியர் சேமலாப நிதிக்கும் வங்கிக் கணக்குக்கும் பின்னுரித்தாளியை, அதாவது உங்களுக்குப் பின் பணத்தைப் பெறுபவரை, நியமித்திருந்தால் அந்த நியமனமே செல்லும். ஆகவே பழைய நியமனங்களை முதலில் எடுத்துப் பாருங்கள், இறந்துபோன தாயாரின் பெயர்கூட அங்கே இருக்கலாம். அரச அனுமதிப்பத்திரக் காணிக்குக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் வாரிசு முறை உண்டு. ஏழு பேர்ச் காணியில் வீடு கிடைத்தும் உறுதி இன்னும் கைக்கு வராதவர்கள் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

மரணசாதனம் எழுத்தில் இருக்க வேண்டும். நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளுடன், அல்லது நொத்தாரிசு இல்லாவிடில் ஒரே நேரத்தில் கூடியிருக்கும் ஐந்து சாட்சிகளுடன் அதன் முடிவில் ஒப்பமிட வேண்டும். 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் சொல்வது இது. ஐந்து சாட்சி வழி சட்டப்படி சரியானதே, ஆனாலும் நொத்தாரிசிடம் போகும்படியே சொல்வேன். தொழில் அபிமானம் என்று நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை. பயன் பெறுபவர் எவரும் சாட்சியாக நிற்கக் கூடாது.

கொடை யாருக்கு என்பதைப் பெயர் பிசகாமல் எழுதுங்கள். தமிழ்த்துறைக்கு, உபவேந்தருக்கு, இந்து மாணவர் சங்கத்துக்கு என்று எழுதத் தோன்றும். துறை சட்டத்தின் கண்ணில் தனி ஆளன்று, உபவேந்தர் மாறுவார், சங்கம் ஒரு வருடம் இயங்கும், மறுவருடம் இயங்காது. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின்படி கூட்டிணைக்கப்பட்ட நிறுவனமாக நின்று சொத்தை ஏற்று வைத்திருக்க வல்லது பல்கலைக்கழகமே. அதன் பெயரும் நிலையானதன்று: 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி 1952இல் பேராதனைக்கு வந்தது, 1972இல் ஒரே தேசியப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 1979இல் பேராதனைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. ஒருவர் தம் வாழ்நாளிலேயே மூன்று பெயர்களைக் கண்டிருக்கலாம். எனவே ‘அல்லது சட்டப்படி அதன் இடத்துக்கு வரும் நிறுவனத்துக்கு’ என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள்.

நோக்கத்தை எழுதும்போதுதான் நம்மவர்கள் அதிகம் சறுக்குவார்கள் என்று அஞ்சுகிறேன். தம் தோட்டத்துப் பிள்ளைக்கு, தாம் படித்த பாடத்தில், முதல் வகுப்பில் தேறியவருக்கு என்று வளையத்தை இறுக்கிக்கொண்டே போனால் உள்ளே நிற்க ஒருவரும் இருக்கமாட்டார். பணம் வங்கியில் கிடக்கும். தோட்டங்கள் பிரிக்கப்படுகின்றன, கம்பனி கைமாறுகின்றன, கொத்மலையில் நீர்த்தேக்கத்துக்குள்ளேயும் போயிருக்கின்றன. இனப் பெயரை வைத்து வரையறுப்பதும் சிக்கலானது. ஒரே குடும்பத்தில் ஒருவரது பிறப்புச் சான்றிதழில் இந்தியத் தமிழர் என்றும் மற்றவரதில் இலங்கைத் தமிழர் என்றும் பதிந்திருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். பெற்றோரில் அல்லது பாதுகாவலரில் ஒருவர் பெருந்தோட்டத்தில் வேலை செய்பவராக அல்லது செய்தவராக இருத்தல் என்பது, சான்று காட்டி நிறுவக்கூடிய அளவுகோல். பதக்கமா உதவிப்பணமா என்றால் நான் உதவிப்பணத்தின் பக்கம் நிற்பவன். பதக்கம் படித்து முடித்த பிள்ளைக்குப் போகிறது. இடையில் படிப்பை விட்டு கொழும்புக் கடையில் வேலைக்குப் போகும் நிலையிலுள்ள பிள்ளைக்கு அதனால் பயனில்லை. உங்கள் பெயர் நிலைக்க வேண்டும் என்று விரும்பினால் உதவிப்பணத்துக்கும் பெயர் வைக்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கோயில் மணியிலும் வாகனத்திலும் உபயகாரர் பெயர் பொறிப்பவர்கள்தானே நாம்.

தொகையை ரூபாவில் குறிக்க வேண்டாம், பங்காகக் குறியுங்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதமாக இருந்தது. அதற்குச் சில வருடங்கள் முன்னர் பெரிய தொகை என்று நினைத்து எழுதிய இலக்கம் அந்த ஒரே வருடத்தில் எவ்வளவு சுருங்கியிருக்கும் என்று யோசியுங்கள். முதல் தொகையை வைப்பிலிட்டு வருமானத்தை மட்டும் செலவிடுவது வழக்கமான ஏற்பாடு. முதல் சிறியதாக இருந்தால் அந்த வருமானம் யாருக்கும் போதாது, அப்போது முதலையும் சில வருடங்களில் செலவிட்டு முடிக்கலாம் என்ற அதிகாரத்தைப் பல்கலைக்கழகத்தை நிர்வகிக்கும் பேரவைக்குக் கொடுப்பதே மேல்.

தமிழருக்குள் இத்தகைய கொடைக்கு மிகப் பெயர்பெற்ற உதாரணம் சென்னைப் பச்சையப்ப முதலியாருடையது. அவர் 1794இல் மரணசாதனம் எழுதிவிட்டு அதே ஆண்டில் இறந்தார். சொத்தை வைத்திருந்தவர்கள் அறத்தை நடத்தவில்லை, வழக்குகள் தலைமுறை கடந்தன. இறுதியில் நீதிமன்றம் தலையிட்டு, கோயில் அறங்களுக்கு ஒதுக்கியதுபோக மிகுந்ததைக் கல்விக்குத் திருப்பியது. பள்ளி திறந்தது 1842இல். அவர் பெயரில் இன்று கல்லூரிகள் நிற்பதைச் சொல்லி நாம் பெருமைப்படுகிறோம், ஆனால் அவர் இறந்தபின் கழிந்த நாற்பத்தெட்டு ஆண்டுகளில் அந்தப் பணத்தால் படித்திருக்கக்கூடிய பிள்ளைகளை யாரும் எண்ணுவதில்லை. மரணசாதனத்தைச் செயற்படுத்தும் நிறைவேற்றுநராக யாரை நியமிக்கிறீர்கள் என்பதில் அவ்வளவு இருக்கிறது. உங்களைவிட வயதில் இளையவரும், உங்கள் கொடையை மனத்தால் ஏற்றவரும், மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாதன வழக்கைப் பொறுமையாக நடத்தக்கூடியவருமான ஒருவரைத் தேர்ந்து, அவர் இயலாவிட்டால் இன்னொருவர் என்றும் எழுதுங்கள். பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லிவிடுங்கள். இழவு வீட்டில் முதன்முறையாகத் தெரியவரும் கொடையை நீதிமன்றத்தில் எதிர்க்கும் எண்ணம் எளிதில் பிறக்கும்.

பல்கலைக்கழகப் பதிவாளருக்கும் முன்கூட்டியே ஒரு கடிதம் எழுதி, இன்ன நிபந்தனையுடன் கொடையை ஏற்க முடியுமா என்று கேட்டு, பதிலை மரணசாதனப் பிரதியுடன் சேர்த்து வையுங்கள். நொத்தாரிசிடம் கொண்டுபோக ஒரு வரைவு வேண்டுமென்போர் கீழுள்ளதை வைத்துத் தொடங்கலாம். அவர் திருத்துவார், திருத்தட்டும்.

‘என் கடன்களும் மேற்கூறிய கொடைகளும் தீர்ந்தபின் எஞ்சும் சொத்தில் பத்தில் ஒரு பங்கைப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு, அல்லது சட்டப்படி அதன் இடத்துக்கு வரும் நிறுவனத்துக்கு விடுகிறேன். பெற்றோரில் அல்லது பாதுகாவலரில் ஒருவர் பெருந்தோட்டத்தில் வேலை செய்பவராக அல்லது செய்தவராக உள்ள, பண உதவி தேவைப்படும் மாணவருக்கு, எந்தப் பீடத்தவராயினும், படிப்புக் காலத்தில் உதவிப்பணமாக அது வழங்கப்பட வேண்டும். இந்நோக்கம் நடைமுறைக்கு ஒவ்வாததாகும் காலத்தில், அதற்கு மிக நெருங்கிய வேறொரு கல்வி நோக்கத்துக்கு அதைப் பயன்படுத்தப் பேரவைக்கு அதிகாரம் அளிக்கிறேன்.’

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பிரசித்த நொத்தாரிசு ஒருவர்,
நுவரெலியா மாவட்டம்