குடிலின் கூரையில் தொங்கும் தூதர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கிறிஸ்துமஸ் சிறப்பிதழில் வானதூதர்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். அன்போடு எழுதப்பட்ட கட்டுரை. ஆனால் அதில் தூதர்கள் நம்மைக் காப்பவர்களாகவும் கேட்டதை வாங்கித் தருபவர்களாகவும் மட்டுமே வருகிறார்கள். அவர்கள் கொண்டுவந்த செய்தியைப் பற்றி ஒரு பத்திகூட இல்லை. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக எங்கள் பங்குக் கோவிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறவள் நான். அதனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

காவல்தூதர்களை நான் மறுக்கவில்லை. அக்டோபர் 2 அன்று அவர்களுக்குத் திருநாள் கொண்டாடுகிறோம். இரபேல் என்ற தூதர் தோபியா என்ற இளைஞனுக்கு வழித்துணையாகப் போனதும் விவிலியத்தில் இருக்கிறது. ஆனால் அந்த இரபேலும் கடைசியில், நடந்ததையெல்லாம் எழுதி வையுங்கள், கடவுளைப் போற்றுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் மறைகிறார். எபிரேயத்தில் ‘மலாக்’, கிரேக்கத்தில் ‘ஆங்கெலோஸ்’ என்ற இரண்டு சொற்களுக்கும் தூதர் என்பதே பொருள். திருமுழுக்கு யோவான் இயேசுவிடம் அனுப்பிய சீடர்களையும் நற்செய்தி எழுதிய லூக்கா இதே கிரேக்கச் சொல்லால்தான் குறிக்கிறார். சேதி கொண்டு போகிற எவருக்கும் உரிய சாதாரணச் சொல் அது. தமிழில் நாம் நடுப்பகல் மணி அடித்ததும் சொல்கிற மூவேளைச் செபமும் ‘ஆண்டவரின் தூதர் மரியாவுக்குத் தூதுரைத்தார்’ என்றுதானே தொடங்குகிறது?

சிறகைப் பற்றியும் ஒரு வார்த்தை. இறைவாக்கினர் எசாயா காட்சியில் கண்ட செராபீன்கள் என்ற விண்ணவர்களுக்கு ஆறு சிறகுகள் உண்டு. இயேசு பிறப்பார் என்று மரியாவிடம் சொல்ல நாசரேத்துக்கு வந்த கபிரியேல் தூதருக்குச் சிறகு இருந்ததாக லூக்கா எழுதவில்லை. ரோமில் பிரிசில்லா நிலத்தடிக் கல்லறையில் கபிரியேல் அப்படிச் சேதி சொன்ன மங்கள வார்த்தைக் காட்சி என்று கருதப்படும் மிகப் பழைய ஓவியம் ஒன்று உண்டு. அதில் மரியாவின் முன் நிற்பவர் சிறகில்லாத சாதாரண ஆள்தான்.

‘ஆண்டவரின் தூதர்’ விவிலியத்தில் முதன்முதலாக யாருக்குத் தோன்றினார் என்று வகுப்பில் கேட்டால், ஆபிரகாம், மோசே என்றுதான் பிள்ளைகள் சொல்வார்கள். இரண்டுமில்லை. கர்ப்பிணியாக, எசமானி சாராயின் கொடுமை தாங்காமல் பாலைநிலத்துக்கு ஓடிவந்த எகிப்திய அடிமைப் பெண் ஆகாருக்கு. தொடக்கநூல் 16-ஆம் அதிகாரத்தைப் பொறுமையாக வாசித்துப் பாருங்கள். ஆபிராமும் (பிற்பாடு ஆபிரகாம் ஆனவர்) அவர் மனைவி சாராயும் பேசும்போது அவள் வெறும் ‘பணிப்பெண்’. அந்தக் கதையில் அவளை முதன்முதலில் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர் தூதர்தான். நீரூற்றருகே வந்து, எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று கேட்கிறார். திரும்பிப் போ என்றும் சொல்கிறார். அந்தச் சொல் எனக்கு இன்றும் உறுத்தும். பெண்பிள்ளைகளுக்கு அதை வாசித்துக் காட்டும்போது என் குரல் தடுமாறும். ஆனால் அதோடு, உன் அழுகுரலை ஆண்டவர் கேட்டார், பிள்ளைக்கு இஸ்மயேல் என்று பேர் வை என்கிறார். கடவுள் கேட்கிறார் என்பதே அந்தப் பேரின் பொருள். ஆகார் தூதரைப் போற்றவில்லை. என்னைக் காண்கிற கடவுள் என்று ஆண்டவருக்கே பேர் வைக்கிறாள். சேதி போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

செசரியாவிலிருந்த உரோமை நூற்றுவர் தலைவர் கொர்னேலியுவின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். தூதர் அவரிடம் வந்து, யோப்பாவுக்கு ஆள் அனுப்பு, கடலோரமாகத் தோல் பதனிடுபவர் வீட்டில் தங்கியிருக்கிற இயேசுவின் சீடர் பேதுருவை வரவழை என்கிறார். முகவரி சொன்னதோடு சரி. இயேசு யார் என்பதை அவரே நின்ற இடத்தில் சொல்லியிருக்கலாமே? சொல்லவில்லை. சுமார் 50 கிலோமீட்டர் ஆட்கள் நடந்து போய், பேதுருவைக் கூட்டிக்கொண்டு திரும்பி நடந்து வருகிறார்கள். நற்செய்தியை ஒரு மனிதன் வாயால் கேட்க வேண்டும் என்பதற்காகவே தூதர் நிறுத்திக்கொள்கிறார். அதே பேதுருவைச் சிறையில் விலாவில் தட்டி எழுப்பி, இடைக்கச்சையைக் கட்டு, மிதியடியைப் போடு, மேலாடையைப் போர்த்திக்கொள் என்று அம்மா பிள்ளைக்குச் சொல்வதுபோல் ஒவ்வொன்றாகச் சொன்ன தூதரும், ஒரு தெரு தாண்டியதும் அவரை விட்டுப் போய்விடுகிறார். விவிலியத்தின் கடைசி நூலான திருவெளிப்பாட்டின் கடைசி அதிகாரத்தில், அதை எழுதிய யோவான் தமக்குக் காட்சிகளைக் காட்டியவரின் காலில் விழப்போகும்போது, வேண்டாம், நானும் உன்னைப்போல ஒரு பணியாளன்தான், கடவுளையே தொழு என்று தடுப்பவரும் ஒரு தூதரே. இதைப் படித்த பிறகும் தூதர் படத்தைப் பணப்பையில் வைத்தால் கடன் தீரும் என்று விற்கிறவர்களைக் கண்டால் எனக்கு மனம் வெதும்புகிறது.

இனி உங்கள் அட்டைப்படத்துக்கு வருகிறேன். குழந்தை இயேசுவின் தலைக்கு மேல் தூதர்கள் பறக்கிற படம். எங்கள் பங்கிலும் அப்படித்தான் இருந்தது. கடலோர ஊர் என்பதால் வானதூதர் சுரூபத்தை மீன்பிடி நைலான் நரம்பில் கட்டிக் கிறிஸ்துமஸ் குடிலின் கூரையிலிருந்து தொங்கவிடுவோம். போன ஆண்டு ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அந்த நரம்பைப் பிடித்துக்கொண்டே, “டீச்சர், தூதர் இங்க எப்ப வந்தாரு? அவரு வயலுக்குத்தானே வந்தாரு?” என்று கேட்டாள். வீட்டுக்குப் போய் லூக்கா இரண்டாம் அதிகாரத்தை எடுத்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. தீவனத் தொட்டிக்குப் பக்கத்தில் தூதரே இல்லை. வயல்வெளியில் இடையர்களிடம் சேதி சொல்லிவிட்டுத் தூதர்கள் விண்ணகம் போய்விடுகிறார்கள். பிறகு அந்த இடையர்கள்தான் விரைந்து போய்த் தங்களுக்குச் சொல்லப்பட்டதைத் தெரிவிக்கிறார்கள். பிள்ளை பெற்ற அந்த இரவில் மரியாவிடம் கபிரியேல் வந்ததாக எழுதவில்லை. ஆட்டு வாடையோடு வந்த இரவுக் காவல்காரர்கள் சொன்னதைத்தான் அவர் தம் உள்ளத்தில் வைத்துச் சிந்தித்துக்கொண்டிருந்தார். இத்தனை ஆண்டுகள் இதை வாசித்தும் என் கண்ணில் படவில்லை.

இந்த ஆண்டு அந்தப் பிள்ளையே நரம்பை அவிழ்த்து, குடிலுக்கு வெளியே ஆட்டுக்குட்டிகள் நிற்கிற மூலையில் தூதரைக் கட்டினாள். ஏன் இடம் மாறியது என்று கேட்ட பெரியவர்களுக்கு அவளே லூக்காவை வாசித்துக் காட்டினாள்.

அடுத்த சிறப்பிதழில் அந்தக் கட்டுரையாளரே ஆகாரைப் பற்றியும் அந்த இடையர்களைப் பற்றியும் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எழுதினால் வகுப்பில் சத்தமாக வாசிக்கச் சொல்வேன்.

இப்படிக்கு,
மறைக்கல்வி ஆசிரியை ஒருவர்,
தூத்துக்குடி மாவட்டம்.